மாமி நிற்கும் இடம்

மேடையில் யாராவது 'அடையாளம்' என்று தொடங்கினால் நிலாணிக்கு முதலில் சிரிப்பு வரும். பிறகு எரிச்சல் வரும்.

அந்தச் சொல்லை அவள் காதில் ஓயாமல் போட்டவர் அவளுடைய தாய்மாமன் நவரட்ணம். ஊர்ச் சங்கத்தின் தலைவர். ஆண்டு விழாவில் பட்டு வேட்டி தடுக்கத் தடுக்க மேடையேறுவார். ஒலிவாங்கியை இரண்டு தட்டுத் தட்டி, "எங்கடை பிள்ளையள் தங்கடை அடையாளத்தை, தங்கடை பாரம்பரியத்தை மறக்கக் கூடாது" என்று எடுப்பார். பின்வரிசையில் கொத்துரொட்டி ஆறிப்போகும். தங்கடை பாரம்பரியம் என்றால் எது என்று அந்த மண்டபத்தில் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தவள் நிலாணி ஒருத்திதான். அவளுக்கு அது இரண்டாக இருந்தது. ஒன்றை மாமா ஒலிவாங்கியில் பேசுவார். மற்றதைச் சாப்பாட்டு வரிசையில் நின்று, குரலைத் தாழ்த்திப் பேசுவார்.

நிலாணியின் தகப்பன் கோஃபி, கானா நாட்டில் குமாசி நகரத்துக்காரர். தாய் இராஜேஸ்வரி யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு அகதியாக வந்தவர். இருவரும் ஸ்காபரோவில் பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார்கள். அவர் சூட்டுத் தட்டைத் தள்ள இவர் வாங்க, இவர் வாங்க அவர் சிரிக்க, ஒருநாள் கலியாணம் முடித்துக்கொண்டு சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடி வீட்டில் குடியேறினார்கள். அன்றிலிருந்து இராஜேஸ்வரியின் உறவுகள் அத்தனையும் வாயை மூடிக்கொண்டன. நவரட்ணம் மட்டும் தொலைபேசியில் ஒரு வசனம் பேசினார்.

"காப்பிலியைக் கட்டினவள் எனக்குத் தங்கச்சி இல்லை."

எங்களை நிறத்தையும் மொழியையும் பார்த்து ஒதுக்குகிறார்கள் என்று ஊர்வலத்தில் பதாகை பிடித்து நடந்த மனிதர் இவர். வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டுத்தான் தொலைபேசியை எடுத்திருப்பார். கோஃபி என்ற பெயரைக் கோப்பி ஆக்கி, "பால் விடாத கோப்பி" என்று கலியாண வீடுகளில் சொல்லிச் சிரித்ததும் இவர்தான். அந்தப் பகிடிக்கு வயிறு குலுங்கச் சிரித்தவர்கள் எல்லாருமே நல்ல கறுத்த மனிதர்கள்.

பிறகு கோஃபி மல்வேர்னில் ஒரு ரவுண்ஹவுஸ் வாங்கினார். செய்தி காதில் விழுந்த அதே கோடையில் நவரட்ணம் ஒரு பெட்டி மாம்பழத்தோடு வாசலில் வந்து நின்றார். சொந்த வீடு இருக்கிற இடத்தில் இரத்த பாசம் இப்படித்தான் பொங்கும். இராஜேஸ்வரி கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்று உள்ளே வந்த மாமா பிறகு வெளியே போகவேயில்லை. எந்தத் திரைச்சீலை போடுவது என்பதிலிருந்து பிள்ளைகள் எந்தக் கோயிலுக்குப் போவது என்பது வரைக்கும் அவர் சொன்னதுதான் நடந்தது.

நிலாணி வளர்ந்த கதையும் இதே இலட்சணம்தான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கினாள். "உமக்கு ஆர் தமிழ் படிப்பிச்சது?" என்று ஆசிரியை ஆச்சரியப்பட்டார். நீங்கள்தானே, ரீச்சர் என்று அவள் சொன்னதும் ஆசிரியைக்கு முகம் போன போக்கு ஒரு பக்கம். படம் எடுக்கும்போது முதல் பரிசுக்காரியை ஓரத்தில் நிறுத்தியது இன்னொரு பக்கம். கல்லூரிக்குப் போனாள். அங்கே ஆபிரிக்க மாணவர் சங்கத்தின் தலைவன் றொய்சன் என்றொரு பெடியன், பிறந்ததிலிருந்து ஒன்ராறியோவைத் தாண்டாதவன், "நீ எத்தனை வீதம் ஆபிரிக்கன்?" என்று கேட்டான். பாலில் கொழுப்பு அளக்கிற மாதிரி. அடுத்த கூட்டத்துக்கு அவள் போகவில்லை.

படித்து முடித்து வெக்ஸ்போர்ட்டில் ஒரு மருந்துக்கடையில் உதவியாளராகச் சேர்ந்தாள். பெப்ரவரி பிறந்ததும் முகாமையாளர் தேனாக வந்தார். கறுப்பின வரலாற்று மாதம், நீ உன் பாரம்பரியச் சாப்பாடு கொண்டுவந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார். நிலாணி தாயின் அரிசிமாப் புட்டையும் கட்டைச் சம்பலையும் கொண்டுபோனாள். எல்லாரும் மூக்கு வடிய வடியத் தின்றார்கள். "ஆபிரிக்காவின் ருசியே தனி" என்று முகாமையாளர் கண்ணைத் துடைத்தார். நிலாணி காலிப் பாத்திரத்தைக் கழுவிப் பையில் வைத்தாள். இவர்களுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இந்த இரண்டு கூட்டத்துக்கும் வெளியே அவளுக்கு ஒரு ஆள் இருந்தார். தகப்பனின் அக்கா அஃபியா. மல்வேர்னிலேயே ஒரு வாடகைக் கோபுரத்தில் குடியிருந்து, முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர். பெருத்த குரல், பெருத்த சிரிப்பு, எதற்கெடுத்தாலும் ஏச்சு. 'மாமி' என்று கூப்பிடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் இராஜேஸ்வரிதான். முறைக்கு மாமி, அழைப்புக்கும் மாமி. ஆனால் மாமி நிற்க வேண்டிய இடம் என்று ஒன்று வந்தபோது அவரை அங்கே காணவில்லை.

அது நிலாணி பெரியபிள்ளையான நேரம். பூப்புச் சடங்கை, சாமத்திய வீட்டை, தலையில் தூக்கிக்கொண்டவர் நவரட்ணம். அவர்கள் குடும்ப வழக்கத்தில் தகப்பனின் சகோதரிதான் பிள்ளையைக் கையில் பிடித்துக் கூட்டி வந்து, முதல் குடம் தண்ணீர் வார்க்க வேண்டும். மாமா அதற்குத் தவமலர் அன்ரியைப் பிடித்து வந்தார். தவமலர் அன்ரி ஒருவருக்கும் சொந்தமில்லை. ஆள் பார்க்க இலட்சணம், சேலை உடுத்தினால் எடுப்பு, கமராவுக்குக் கூசமாட்டார். ஸ்காபரோவில் தகப்பன் பக்கம் ஆளில்லாத வீடுகளுக்கெல்லாம் அவர்தான் மாமி. கூலி ஒரு சேலை. அஃபியாவுக்குப் பின்னேரச் சாப்பாட்டுக்கு மட்டும் அழைப்புப் போனது. வந்தார், கதவோரத்து மேசையில் இருந்து சாப்பிட்டார், நிலாணியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்.

இப்போது தங்கை கஜனியின் முறை.

செய்தி கேட்டு முதலில் வந்து சேர்ந்தவர் அஃபியா மாமிதான். கையில் ஒரு அவித்த முட்டை. அவர்கள் ஊரில் பெரியபிள்ளையானவள் அதைப் பல் படாமல் விழுங்க வேண்டுமாம். குசினியில் இராஜேஸ்வரி ஏற்கெனவே ஒரு கையில் பச்சை முட்டையும் மற்றக் கையில் நல்லெண்ணெயுமாக நின்றார். இரண்டு பெண்களும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் கஜனி அழத் தொடங்கிவிட்டாள்.

"வை ஆர் தெயர் டூ எக்ஸ்?" என்று கத்தினாள். "நிலா அக்கா, ஒரு முட்டையைக் குறைக்கச் சொல்லு!"

ஒன்றும் குறையவில்லை. இரண்டும் உள்ளே போயிற்று. படுக்கையில் சுருண்டு கிடந்தபடி கஜனி அக்காவிடம் சொன்னாள்:

"எனக்குப் பல்லக்கு வேண்டாம், ஸ்மோக் வேண்டாம். மாமி வந்து தண்ணி வாத்தாக் காணும். ஐ டோன்ற் வோன்ட் தற் சாரி லேடி, உன்ரை வீடியோவிலை நிண்டவ."

நிலாணி வாக்குக் கொடுத்தாள். தனக்குக் கிடைக்காததைத் தங்கைக்காவது எடுத்துக் கொடுப்பது என்று அப்போதே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு நவரட்ணம் மகன் மிதுனனோடு வந்து சாப்பாட்டு மேசையில் சம்மணம் போடாத குறையாக அமர்ந்தார். மிதுனனை ஒருதரம் பார்க்க வேண்டும். மார்க்கம் என்ற வசதியான புறநகரில் மூன்று கராஜ் வீட்டில் வளர்ந்தவன். முன்பல்லில் தங்கத் தகடு, தோளை ஆட்டி ஆட்டி ஒரு நடை, பேச்சில் யமெய்க்கா. பாட்டுக் கட்டி இணையத்தில் விடுகிறான். கறுப்பனாக இருப்பதில் உள்ள பாடு ஒன்றும் வேண்டாம், பவுசு மட்டும் வேண்டும்.

"இராசி, இந்த முறை புதுசா ஒண்டு யோசிச்சிருக்கிறன்," என்றார் நவரட்ணம். "மண்டபத்திலை பல்லக்கு வரேக்கை முன்னாலை ஆபிரிக்கன் மேளம். கோப்பியின்ரை அக்கா இருக்கிறா எல்லோ, அவவும் அவவின்ரை சேர்ச் பொம்பிளையளும் அந்தக் கலர் கலர் உடுப்போடை ஆடிக்கொண்டு வரட்டும். சனம் வாயைப் பிளக்கும்."

"யோ, தற்ஸ் ஃபயர், டாட்," என்றான் மிதுனன். "என்ரை பாட்டு வீடியோவுக்கும் அதை எடுப்பன். மதர்லாண்ட் வைப்ஸ்."

"ஆற்றை மதர்லாண்டடா?" என்றாள் நிலாணி. "உன்ரை கொம்மா சாவகச்சேரி."

"சில், கஸ். ஐ'ம் பேசிக்கலி பிளாக். நான் ஸ்காபரோப் பெடியன்."

"பொலிஸ் மறிச்சா மட்டும் மார்க்கம் பெடியன். என்ன?"

மிதுனன் போனைப் பார்த்தான். நிலாணி மாமாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப காலமை வீட்டிலை தண்ணி வாக்கிறது ஆர், மாமா?"

"தவமலர். அனுபவமுள்ள ஆள்."

"தகப்பன்ரை சகோதரிதான் முதல் குடம் வாக்கவேணும், அதுதான் எங்கடை முறை எண்டு சங்கக் கூட்டத்திலை பேசினது நீங்கள்தானே?"

நவரட்ணம் வெற்றிலைக் காவி ஏறிய பல்லைக் காட்டிச் சிரித்தார். சின்னப்பிள்ளைக்கு விளங்கப்படுத்துகிற சிரிப்பு.

"அது முறை, பிள்ளை. முறை வேறை, வீடியோ வேறை. ஊருக்கு அனுப்பிற வீடியோவிலை உவவைக் காட்டிப்போட்டு நான் என்னெண்டு தலை நிமிர்த்துறது? பின்னேரம் ஆடட்டும். நான் வேண்டாமெண்டு சொன்னனானே?"

ஆக, மாமி மேளத்துக்கு முன்னால் ஆடலாம். குடத்தைத் தொடக்கூடாது. கூலிக்கு வந்தவள் உறவு, உறவுக்காரி கூத்து. இதைச் சொல்லிவிட்டு அந்த மனிதர் இன்னொரு துண்டு மீன் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

நிலாணி அன்றே அஃபியா வீட்டுக்குப் போய்க் கொட்டித் தீர்த்தாள். அவர்கள் பேச்சு எப்போதும் ஆங்கிலத்தில்தான். மாமி கோபப்படவில்லை என்பதுதான் அவளுக்குப் பெரிய கோபம்.

"எங்களிலும் தாயின் சகோதரன்தான் பெரியவர்," என்றார் அஃபியா. "அவர் ஆடச் சொல்கிறாரா? ஆடுவேன். அதில் எனக்கு வெட்கமில்லை. என் தம்பியின் மகளுக்கு நான் தெருவில் வேண்டுமானாலும் ஆடுவேன்."

"அவர் உங்களை அவமதிக்கிறார், மாமி. நீங்கள் காலையில் வாருங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்."

"நீ யார் என்னைக் கூப்பிட? அழைக்காத வீட்டில் நான் குடம் தூக்குவேனா? பிள்ளையைப் பெற்றவள் கூப்பிடட்டும். ஒரு வார்த்தை போதும். வேலையால் வந்த உடுப்போடு ஓடி வருவேன்."

அந்த ஒரு வார்த்தையை இராஜேஸ்வரியின் வாயிலிருந்து எடுப்பது கல்லில் நார் உரிக்கிற வேலையாக இருந்தது. நிலாணி குசினியில் தாயைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தாய் உழுத்தங்களி கிண்டுகிற சாட்டில் முகத்தைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"உனக்கென்ன தெரியும்? அண்ணை திரும்பவும் கோவிச்சுக்கொண்டு போனா எனக்கு ஆரிருக்கினம்? அந்த எட்டு வருசமும் ஒரு சனம் எட்டிப் பாக்கேல்லை. உன்னைப் பெத்துப்போட்டு ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை ஒரு வாய் சுடுதண்ணி தர எங்கடை ஆக்கள் ஆரும்..."

"ஆர் தந்தது பிறகு?"

இராஜேஸ்வரி கிண்டுவதை நிறுத்தவில்லை.

"சொல்லுங்கோவன் அம்மா. ஆர் தந்தது?"

"அஃபியா," என்றார் தாய். "ஒரு வாளி சூப்போடை வந்தா. உறைப்பெண்டா அப்பிடி உறைப்பு. அழுதழுது குடிச்சன்." அகப்பையைத் தட்டினார். "களி அடிப்பிடிக்குது. போ அங்காலை."

அம்மா தன் அண்ணனுக்குப் பயந்தவர், அப்பா யாருக்கும் குரலை உயர்த்தாதவர், இந்த வீட்டில் முதுகெலும்பு உள்ள ஆள் கட்டிலில் முட்டை செரிக்காமல் கிடக்கிற கஜனி மட்டும்தான் என்று நிலாணி நினைத்தாள்.

சடங்குக் காலை. பின்வளவில் ஒரு வெள்ளைக் கூடாரம். நிறைகுடம், விளக்கு, தட்டுகளில் பழமும் பலகாரமும். வீடியோக்காரர் அல்பேட் ஏணியில் ஏறி நின்று, சூரியனைக் கூட ஒதுங்கி நிற்கச் சொல்கிற தோரணையில் எல்லாரையும் விலக்கினார். தவமலர் அன்ரி மாம்பழ மஞ்சள் சேலையில், கூலிச் சேலை வேறாகப் பையில் இருக்க, கமரா எந்தப் பக்கம் என்று பார்த்து நின்றார். கஜனியைப் பலகையில் இருத்தியாயிற்று. கையில் வெற்றிலை. முகத்தில் கொலைவெறி.

நவரட்ணம் தொண்டையைச் செருமினார். "தகப்பன்ரை சகோதரி, வாங்கோ!"

தவமலர் அன்ரி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அடியெடுத்து வைத்தார்.

"ஷீ இஸ் நொட் மை மாமி," என்றாள் கஜனி. பலகையில் இருந்தபடியே சத்தமாகச் சொன்னாள். "இவ ஆரெண்டே எனக்குத் தெரியாது. நான் எழும்பிப் போகப்போறன்."

"பிள்ளை, வாயை மூடு. ரெக்கோட் ஆகுது," என்றார் நவரட்ணம்.

"அவள் சரியாத்தானே சொல்லுறாள்," என்றாள் நிலாணி. "மாமா, இவ்வளவு சனத்துக்கும் சொல்லுங்கோவன், தவமலர் அன்ரி எங்கடை அப்பாவுக்கு எந்த வழியிலை சகோதரி எண்டு? ஒரே தாயோ, ஒரே தகப்பனோ?"

கூடாரத்துக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நவரட்ணத்தின் முகம் சிவக்க வழியில்லாததால் வீங்கியது. அவர் நிலாணியை விட்டுவிட்டுத் தன் தங்கையைப் பிடித்தார். "இராசி! உன்ரை பெட்டையளை அடக்கு. இல்லையெண்டா உன்ரை பாடு."

இராஜேஸ்வரி கையில் இருந்த குங்குமச் சிமிழைப் பார்த்தார். பெரிய மகளைப் பார்த்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துக் காதில் வைத்தார். அந்த வளவில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"ஹலோ, அஃபியா? கம். கம் நவ். பிள்ளைக்குத் தண்ணி வாக்க வேணும். நீங்கள்தான் வாக்க வேணும்."

"உவள் இந்தக் குடத்தைத் தொட்டா," என்றார் நவரட்ணம், ஒவ்வொரு சொல்லாக, "நான் இனி இந்த வாசல் மிதியன்."

கோஃபி அதுவரை கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் கற்றுக்கொண்ட தமிழ் மூன்று சொல்தான்: வாங்கோ, சாப்பிடுங்கோ, பரவாயில்லை. அவர் மைத்துனரின் கையை இரண்டு கையாலும் பற்றி, தலை சாய்த்து, மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"பரவாயில்லை."

விளங்கித்தான் சொன்னாரா என்று இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது. நவரட்ணம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மிதுனனையும் கூட்டிக்கொண்டு வெளியே போனார். யாராவது பின்னால் ஓடிவந்து கையைப் பிடிப்பார்கள் என்ற நினைப்பில் மெதுவாகப் போனார். தன் வான் வண்டியில் ஏறி, இயந்திரத்தை ஓடவிட்டுக்கொண்டு வாசலிலேயே இருந்தார். ஒருவரும் போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் மிதுனன் மட்டும் தோளை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தான். "யோ, கஸ். டாட் சரியான கோவம். பட் அந்த ட்ரம்ஸ் இண்டைக்குப் பின்னேரம் இருக்குத்தானே? என்ரை வீடியோவுக்கு..."

நிலாணி அவனை அடியிலிருந்து நுனி வரை பார்த்தாள். ஏச வாய் எடுத்தவளுக்கு அந்தச் சிரமம் எடுக்கவும் இவன் தகுதியா என்று பட்டது. "கேற்றைச் சாத்திப்போட்டுப் போ," என்றாள்.

அஃபியா வந்தார். முதியோர் இல்லத்துச் சீருடை, அதற்கு மேல் இடுப்பில் அவசரமாகச் சுற்றிய, அவர்கள் ஊரில் நல்ல காரியத்துக்குக் கட்டுகிற வெள்ளைத் துணி. நேரே வந்து இராஜேஸ்வரியின் முன் நின்றார். இராஜேஸ்வரி குடத்தைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் அடுத்த சங்கடம் தெரிந்தது. குடத்தை எப்படிப் பிடிப்பது, எத்தனை தரம் சுற்றுவது, யார் முதலில் என்று அந்த வீட்டு ஆட்கள் ஒருவருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் மாமாவே சொல்லிச் சொல்லி, இவர்கள் தலையாட்டவே பழகியிருந்தார்கள்.

"தள்ளுங்கோ, தள்ளுங்கோ," என்று தவமலர் அன்ரி முன்னுக்கு வந்தார். "மூண்டு தரம் சுத்தி, பிறகு வலத் தோளாலை. எத்தினை வீட்டிலை செய்தனான். அக்கா, திஸ் சைட், திஸ் சைட். நான் சொல்லுறன், நீங்கள் வாருங்கோ." பிறகு நிலாணியின் காதுக்குள், "அந்தச் சீலையைத் திருப்பிக் கேக்க மாட்டியள்தானே, பிள்ளை?"

"வைச்சிருங்கோ அன்ரி. இண்டைக்குத்தான் நீங்கள் அதுக்கு உழைச்சிருக்கிறியள்."

அஃபியா வார்த்தார். தண்ணீர் கஜனியின் தலையில் விழுந்து, அடர்ந்த சுருள் முடியின் மேலால் உருண்டு, பலகையில் கொட்டிப் போனது. உச்சியில் ஒரு துளி இறங்கவில்லை. "இதென்னடியப்பா, உள்ளுக்கை போகுதில்லை," என்றார் தவமலர் அன்ரி. அவருடைய அனுபவம் அந்த இடத்தில் முடிந்துவிட்டது.

அஃபியா குடத்தை இராஜேஸ்வரியிடம் நீட்டிவிட்டுப் பலகையின் பின்னால் முழங்காலில் இருந்தார். கஜனியின் முடிக்குள் இரண்டு கையையும் விட்டு, விரலால் வகிடு வகிடாகப் பிரித்துப் பிடித்தார். பிள்ளையின் தலைத்தோல் தெரிந்தது. இப்போது ஊற்று என்று தலையை அசைத்தார். இராஜேஸ்வரி அந்த விரல்களுக்கு நடுவே மெதுவாக ஊற்றினார்.

"கோல்ட்! அம்மா, குளிருது!" என்று கஜனி வீரிட்டாள்.

வாசலில் மாமாவின் வான் உறுமிக்கொண்டு புறப்பட்டது. ஏணியில் நின்ற அல்பேட் மட்டும் அந்தப் பக்கம் திரும்பினார். "இஞ்சாலை பாருங்கோ அண்ணை," என்றாள் நிலாணி. அஃபியா அடுத்த வகிட்டைப் பிரித்தார்.